ஒன்பது வரிக்கு நாற்பத்து மூன்று கையெழுத்து

கணினி நிரலை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதைத் தொடங்க மூன்று மாதம் பிடித்தது. இப்படிச் சொன்னால் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று கேட்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஆண்டனிராஜ். திண்டுக்கல்லில் ஒப்பந்தத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவன். புலப்பட நவீனமயத் துணைப்பிரிவு என்று ஓர் அலுவலகம். ஒவ்வொரு வயலும் என்ன வடிவம், எது எல்லை என்று காட்டும் புலப்படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, பின்னறைக் கணினி ஒன்றில் போட்டு வைத்திருந்தார்கள். முன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் புல எண்ணைத் தட்டினால் பின்னறையிலிருந்து படம் வந்து சேர வேண்டும். இடையில் நின்று எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? நான் சி மொழியில் எழுதியது அந்த ஆளைத்தான். கோப்புச் சேவையகம் என்பார்கள். ஒருமுறை தொடங்கிவிட்டால் திரையில் முகம் காட்டாது. பின்னாலேயே இருந்து கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த வகைக்கு டீமன் என்று பெயர்.

தொடங்கும்போது மட்டும் ஓர் அமைவுக் கோப்பைப் படித்துக்கொள்ளும். எந்த எண் வாசலில் உட்கார வேண்டும், படங்கள் எங்கே இருக்கின்றன, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், இப்படி மொத்தம் ஒன்பது வரி. டீ ஆறுவதற்குள் தட்டி முடித்தேன். முடித்த கையோடு தொடங்கியிருக்கலாம். "தொடங்கட்டுமா மேடம்?" என்று கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கண்காணிப்பாளர் சண்முகவள்ளி மேடத்துக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எழுத்துல இருக்கற எதுவும் எல்லா மேசைக்கும் சுத்துக்குப் போகாம இந்த ஆபீஸ்ல நடைமுறைக்கு வந்ததில்ல. ஒன்பது வரிங்கறீங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நோட் போடுங்க."

அன்றைக்குத்தான் மணிமேகலை அக்கா முதல் தடவையாக வந்தார். கன்னிவாடிக்குப் பக்கத்தில் ஒன்றே கால் ஏக்கரில் கோழிக்கொண்டைப் பூப் போடுகிறவர். கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டு அவர் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மனுக் கொடுத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாயிற்று. மனு மட்டும் வரிசையில் நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் முன்னால் வந்திருந்தது. புலப்பட நகலைத் தொண்ணூறு நாளுக்குள், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள், மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி என்று கடிதம் வந்திருக்கிறது. கடைசி என்றால் இன்னும் பத்தொன்பது வருடம். அக்காவுக்கு இப்போதே ஐம்பத்து நாலு.

"ஏந்தம்பி, இந்த டப்பாக்குள்ள என் காடு இருக்காம்ல? செத்த எடுத்துக் குடுங்க, பதினொன்னே முக்கால் பஸ்சுக்குப் போயிருவேன்" என்றார்.

பழைய காகிதப் படங்களை ஸ்கேன் செய்தவுடன் கட்டி லாரியில் ஏற்றி வேறு ஊர்க் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கணினி வட்டிலிருந்து நேராக எடுத்து அச்சடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். சேவையகம் வழியாக வராத நகலுக்கு முத்திரை கிடையாது என்று சுற்றறிக்கை இருப்பதாக மேடம் சொன்னார். சேவையகம் இன்னும் தொடங்கவில்லை என்றேன். "அதான் சுத்துல போயிட்டிருக்கே" என்றார். மணிமேகலை அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வாரேன் என்று போனார்.

பதினெட்டு நாள் கழித்து அமைவுக் கோப்பு சுற்றிலிருந்து திரும்பி வந்தது. என் ஒன்பது வரிக்கு மேலே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, கடைசியாக 'அய்யா' எல்லாம் சேர்ந்திருந்தன. கீழே 'தங்கள் உண்மையுள்ள' வந்திருந்தது. இதை ஒருவர் மெனக்கெட்டுக் கணினியிலும் அப்படியே தட்டிச் சேமித்திருந்தார். நிரலை ஓட்டிப் பார்த்தேன். 'முதல் வரி புரியவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது.

"புரியலைன்னு சொல்றதுக்கு அது யாரு?" என்றார் மேடம். "முப்பத்தோரு வருஷமா எனக்கு எத்தனையோ ஆர்டர் வந்திருக்கு. ஒன்னாவது புரியலைன்னு நான் திருப்பி அனுப்பிருக்கேனா? வாங்கி வச்சுக்கணும்."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து, 'அய்யா' என்ற சொல் வரும்வரை எதையும் காதில் போட்டுக்கொள்ளாதே, 'தங்கள் உண்மையுள்ள' வந்ததும் படிப்பதை நிறுத்து என்று நிரலைத் திருத்தினேன். அதற்குப் பிறகு ஒழுங்காகப் படித்தது. உலகத்தில் மரியாதை தெரிந்த சேவையகம் என்று ஒன்று இருந்தால் அது எங்களுடையதுதான்.

அடுத்து வாசல் எண். கணினிக்குள் ஒவ்வொரு சேவையும் ஒரு எண்ணில் உட்கார்ந்திருக்கும். நான் 2049 என்று போட்டிருந்தேன். ஆயிரத்து இருபத்து நாலுக்குக் கீழே உள்ள எண்களெல்லாம் முழு அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை என்று விளக்கம் சொன்னேன். மேடம் நெகிழ்ந்துபோனார்.

"பாத்தீங்களா, மெஷினுக்கே யாரு மேல, யாரு கீழன்னு தெரியுது. நம்ம ஜூனியர் அசிஸ்டென்ட்டுகளுக்குத்தான் தெரியல."

ஆனால் 2049 என்ற எண் வேறு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்பதற்குத் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார். வாசல் எண் என்றால் யார் கொடுப்பது? வீடுகளுக்குக் கதவு எண் கொடுக்கும் இடத்துக்கு எழுதினார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிய இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது: 'மேற்படி எண்ணில் எமது பதிவேட்டில் கட்டடம் ஏதும் இல்லை.' மேடம் அதைச் சான்றாக ஏற்றுக்கொண்டு கோப்பில் கோத்தார்.

திங்கள்தோறும் மணிமேகலை அக்கா வந்தார். கவுன்ட்டருக்கு எதிரே பெஞ்சில் உட்காருவார். கவுன்ட்டரில் இருப்பவர் சேக் பரீது பாய். ஓய்வுபெறப் பதினாலு மாதம் பாக்கி. தன் மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் அக்காவுக்குப் பாதி கொடுப்பார். கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

"வாடகை டீசல் எஞ்சினை வச்சு ஓட்டிட்டிருக்கேன் தம்பி. அது ஒரு நாளு இறைச்சா மூணு நாளு படுக்குது. பூவு தலையத் தொங்கப் போட்டுருச்சு. உங்க டப்பா எப்ப முழிக்கும்?" என்று கேட்பார்.

எனக்கு வெட்கமாக இருக்கும். என்னுடைய நிரல் அரை நொடியில் விழித்துக்கொள்ளும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது சங்கடம் கொஞ்சம் குடும்ப விவகாரம். இந்த வகை நிரல் தொடங்கியவுடன் தன்னைப்போலவே ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு, தான் விலகிக்கொள்ளும். பிள்ளைதான் பின்னால் நின்று வேலை பார்க்கும். பெற்றவர் போய்விட்டதால் அந்தப் பிள்ளையைக் கணினியின் முதல் செயலி தத்தெடுத்துக்கொள்ளும். சி மொழியில் ஐம்பது வருடமாக இதுதான் முறை. இதை நான் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"சார்ஜ் எடுத்த அன்னிக்கே ராஜினாமாவா? பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எங்க?" என்று கேட்டார் மேடம். அதையும் அச்சடித்துக் கொடுக்கும்படி நிரலில் சேர்த்தேன். பிறகு நோட்டில் தத்தெடுக்கும் வரிக்கு வந்தார். "முதல் செயலின்னா யாரு? இணை இயக்குநரா?"

"இல்ல மேடம், அது கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் மேல இருக்கறது."

"அப்ப இது நேரா அவருக்குத்தான் கட்டுப்பட்டது. நான் ஒருத்தி இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?"

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பு எழுதி 'உரிய வழியாக' மேடத்தின் கணினிக்கு அனுப்பும்படி திருத்தியபிறகுதான் சமாதானமானார்.

எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும் என்ற வரிக்கு நான் 'நோபடி', அதாவது 'யாருமில்லை', என்று போட்டிருந்தேன். அதிகாரம் எதுவும் இல்லாத பெயர். பாதுகாப்புக்காக அப்படித்தான் வைப்பது வழக்கம். ஒரு தப்பு நடந்தால் யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் கேட்டார்கள். அதிகாரம் இல்லாத, ஆனால் நடவடிக்கை எடுக்கத் தோதான ஓர் ஆளை அலுவலகம் முழுக்கத் தேடி, சேக் பரீது பாயின் பெயரைப் போட்டார்கள்.

"பதினாலு மாசந்தான் இருக்கு தம்பி. உங்க புள்ள என் பேரக் கெடுத்துடாதுல்ல?" என்றார் பாய்.

"நல்லாப் பாத்துக்கும் பாய்."

இதற்குள் எழுபத்தெட்டு நாள் ஓடிவிட்டது. மற்ற வரிகள் சடசடவென்று முடிந்தன. ஒரே நேரத்தில் அறுபது பேர் என்று நான் எழுதியதை, கூட்டம் சேரும் என்று ஒன்றாகக் குறைத்தார்கள். மதியம் ஒன்றரை முதல் இரண்டேகால்வரை நிரல் பதில் சொல்லக் கூடாது. மற்ற ஊழியர்கள் மனம் புண்படும். திறப்பு விழா அக்காவின் கெடு முடியும் தொண்ணூறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என்று குறித்தார்கள். பதினொரு மணி ராகுகாலம் என்று யாரோ சொல்ல, பன்னிரண்டேகால் ஆயிற்று.

அன்றைக்கு மணிமேகலை அக்கா எட்டரை மணிக்கே வந்துவிட்டார். 'பொதுமக்கள்' வரிசை காலியாக இருந்ததால் அவரை அதில் உட்கார வைத்தார்கள். இணை இயக்குநர் பழனியில் தரிசனம் முடித்துவிட்டு மூன்று இருபதுக்கு வந்தார். விசைப்பலகையின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கத்தரிக்கோல், குத்துவிளக்கு. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். அதில் கடிகாரம் இல்லை.

சண்முகவள்ளி மேடம் வரவேற்புரை ஆற்றினார். "இந்த ஒன்பது வரிக்காக நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். எந்த வரியும் எங்கள் கண்ணில் படாமல் தப்பித்து வேலை செய்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம்."

கைதட்டினார்கள். இணை இயக்குநர் எழுந்தார். "அந்தக் காலத்தில் ஒரு நகல் வாங்கப் பொதுமக்கள் மூன்று நாள் அலைவார்கள். கடந்த மூன்று மாதமாக இந்த அலுவலகத்தில் அப்படி ஒருவர்கூட நகல் வாங்க அலையவில்லை. ஏனென்றால் நகலே கொடுக்கப்படவில்லை. இதுதான் தொழில்நுட்பத்தின் சக்தி." இன்னும் இருபத்தைந்து நிமிடம் பேசினார். மணி நாலு அடித்தது.

ரிப்பனை வெட்டி, மாலையோடு குனிந்து, எண்டரைத் தட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை. டீமன் என்றால் அப்படித்தான். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் அரைவாசியில் கையை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஓடுதா?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"ஓடுது சார்."

"ஒன்னும் தெரியலையே."

"வேலை நடக்கறது வெளிய தெரியாது சார்."

"அட, நம்ம டிபார்ட்மென்ட் மாதிரியே!" என்று சொல்லி அவரே முதலில் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். போண்டாத் தட்டு வந்தது.

அந்தச் சத்தத்தில் சேக் பரீது பாய் நாற்காலியை மெல்ல இழுத்து, மணிமேகலை அக்காவின் புல எண்ணைத் தட்டிவிட்டார். கவுன்ட்டர்த் திரையில் படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்க ஆரம்பித்தது. பெரிய படம், பழைய ஒயர். அக்கா எழுந்து போய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

மேடம் என்னிடம் வந்து காதோடு சொன்னார். "தம்பி, தொடங்கியாச்சுல்ல? நிறுத்திருங்க."

"எதுக்கு மேடம்?"

"வந்திருக்கற ஆர்டர் தொடங்கி வைக்கத்தான். ஓட்டறதுக்கு ஆர்டர் தனியா வரணும். இப்ப ஓடிட்டிருக்கே, இது அனுமதி இல்லாத ஓட்டம். சார் போறதுக்குள்ள நிறுத்துங்க."

"மேடம், ஒரே ஒரு நகல். அந்தக்காவுக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட..."

"நான் சொல்றத எழுத்துல கேக்கறீங்களா?"

எழுத்தில் கேட்டிருந்தால் அந்த ஆணை வர இன்னொரு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்பது இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நிறுத்தும் ஆணையைத் தட்டினேன்.

நிரல் நிற்கவில்லை.

அதில் பதினோரு வரி இருக்கிறது. அமைவுக் கோப்பில் இல்லை, நிரலுக்குள்ளேயே. நிற்கச் சொல்லி ஆணை வந்தால் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளாதே. ஆனால் கையில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டுப் போ. ஓரளவு வேலை தெரிந்த யாரும் எழுதுகிற சாதாரண வரிகள்தான். நாற்பத்து மூன்று கையெழுத்துக்காரர்களும் அதைப் பார்க்கவில்லை.

"ஏன் நிக்கல?"

"நிக்கும் மேடம். கையில ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டு நிக்கும்."

"அதுக்கு யாரு பெர்மிஷன் குடுத்தா?"

நான் கவுன்ட்டர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கிணறு வந்தது. வரப்பு வந்தது. தெற்கு எல்லைக் கல் வந்தது. "அந்தா, எங்க வேம்பு நிக்கிற மூலை" என்று அக்கா கம்பி வழியாக விரலை நீட்டினார். நாற்பது வினாடி. படத்தின் கடைசிப் பட்டை இறங்கியதும் நிரல் மேடத்தின் கணினிக்கு உரிய வழியாக ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு நின்றது. பிரின்டர் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது.

பாய் முத்திரையைக் குத்திவிட்டார். மேடத்தின் கையெழுத்து வேண்டும். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. விழாவுக்கு வந்திருந்த போட்டோக்காரர்தான் எங்களைக் காப்பாற்றினார்.

"மேடம், பொதுமக்களுக்குக் குடுக்கற மாதிரி ஒன்னு எடுத்துக்குவோம். அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடற மாதிரி செத்த குனிங்க. சார், நீங்களும் பக்கத்துல வாங்க."

இணை இயக்குநர் வந்து நின்றார். மேடம் சிரித்துக்கொண்டே குனிந்து, முப்பத்தோரு வருடப் பழக்கத்தில், போடுகிற மாதிரி போடாமல் நிஜமாகவே போட்டுவிட்டார். ஃபிளாஷ் அடித்து முடிவதற்குள் அக்கா காகிதத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார்.

என் வண்டியில்தான் போனோம். வழியில் மேடம் நிறுத்தச் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். மின்வாரிய அலுவலகத்தில் நாலு நாற்பத்தேழுக்கு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அக்கா படியில் உட்கார்ந்து ரசீதை மூன்று தடவை படித்தார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ஏந்தம்பி, அந்தப் பொம்பள போ போன்னு வெரட்டியும் அது எந்திரிக்கலைல்ல? கைவேலைய முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சுச்சு. நல்ல வளப்பு."

என் வேலையை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. நிறுத்துவதற்கான வாய்மொழி ஆணை பிறப்பிக்கப்பட்ட பின்னரும் மேற்படி சேவையகம் நாற்பது வினாடிகள் தொடர்ந்து பணிபுரிந்தது மேடத்தின் கணினிக்கு உரிய வழியாக வந்த குறிப்பிலிருந்து தெரியவருகிறது. இதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். இனி ஆணை கிடைத்த மாத்திரத்தில் எதிரே யார் நின்றாலும் கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து செல்லுமாறு நிரலைத் திருத்தித் தர வேண்டும் என்று இருந்தது.

திருத்துவது கஷ்டமில்லை. யாரையாவது மாதிரிக்குப் பார்த்து எழுத வேண்டும் என்றாலும் அந்த அலுவலகத்தில் மாதிரிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நான் திருத்தவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, விளக்கம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

'அய்யா, அப்போது அதன் எதிரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.'